வேலியோரத்து எல்டர்பெர்ரி

எங்கள் வீட்டுப் பின்வேலியில் ஒரு செடி நிற்கிறது. யாரும் நட்டதில்லை, குருவி எச்சத்தில் விழுந்து முளைத்ததாக இருக்கும். பாதி எங்கள் பக்கம், பாதி பக்கத்து வீட்டுப் பக்கம். அமெரிக்கா வந்து இந்த சான் ஹோசே வீட்டை வாங்கிய புதிதிலிருந்தே அதை வெட்டித் தள்ள வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். பழம் உதிர்ந்தால் பின்பக்க சிமென்ட் தரை முழுக்க ஊதாக் கறை. என்ன போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் மனைவிதான் வெட்ட விடவில்லை.

"பூ பூக்குது, குருவி வருது, அதுபாட்டுக்கு ஒரு ஓரமா நிக்குது. உங்களுக்கு அது என்னங்க பண்ணுச்சு?" என்பாள்.

அதற்குப் பெயர்கள் ஏராளம். நாங்கள் நடக்கப் போகும் ஓடைக்கரைப் பாதையில் அதே செடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். மேலே பெரிய எழுத்தில் நீல எல்டர்பெர்ரி. அதன் தண்டுக்குள் இருக்கும் நெட்டியைத் தள்ளிவிட்டு இந்த மண்ணின் பூர்வகுடிகள் ஊதுகுழல் செய்தார்களாம். அதனால் இசை மரம் என்றும் ஒரு பெயர். பழத்திலிருந்து சாயம், பூவிலிருந்து காய்ச்சலுக்கு மருந்து என்று அதற்குக் கீழே. இன்னும் கீழே சிறிய எழுத்தில் ஏதோ இருந்தது. நின்று முழுக்க வாசிக்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மா அதை சவூக்கோ என்பார். மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம், எங்கள் வயதுதான், ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை. என் மனைவி அவற்றையெல்லாம் விட்டுவிட்டு அதற்கு 'சுக்குட்டி' என்று பெயர் வைத்தாள். மற்ற ஊர்க்காரர்கள் மணத்தக்காளி என்பதை எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் சுக்குட்டி என்போம். சின்னச் சின்னக் கருநீலப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்த முதல் வருஷமே அவள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். இலையைப் பார், ஆளுயரத்துக்கு மேல் நிற்பதைப் பார், சுக்குட்டி எங்கே இது எங்கே என்று நான் சண்டைக்குப் போனேன்.

"தெரியுமுங்க. ஒரு ஆசைக்குக் கூப்பிடறேன். அதுக்கும் வரி போடுவீங்களா?"

நான் வாயால் பிழைத்தவன். மென்பொருள் கம்பெனியில் எனக்குப் பெரிய மூளை கிடையாது, பெரிய குரல் உண்டு. மீட்டிங்கில் எதிராளி முடிக்கும் முன்னே பதில் சொல்லிவிடுவேன். கோயில் கமிட்டியில் என்னைக் கண்டால் பாதிப் பேர் பார்க்கிங் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு நாக்கின் அடியில் புற்றுநோய் வந்தது. புகைத்ததில்லை, புகையிலை மென்றதில்லை. கடவுளுக்குக் குசும்பு ஜாஸ்தி என்று டாக்டரிடம் சொல்ல நினைத்தேன், ஆங்கிலத்தில் அது வரவில்லை.

வசந்தத்தின் தொடக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சை ஆரம்பமானது. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலைக் கவசத்தைப் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். வாரத்தில் சனி, ஞாயிறு தவிர எல்லா நாளும் மத்தியானம். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. எல்லாரும் பயமுறுத்தினார்களே, இவ்வளவுதானா என்று மிதப்பாக இருந்தேன். பிறகு எச்சில் வற்றியது. பிறகு ருசி போனது. அதற்கப்புறம் வாய் முழுக்கப் புண். நாக்கு, உதடு, கன்னத்தின் உட்புறம், தொண்டை. எச்சில் விழுங்குவதே கண்ணாடித் தூளை விழுங்குவது போல இருந்தது. வாய் கொப்பளித்தால் மரத்துப்போகும் மருந்து ஒன்று கொடுத்தார்கள். அது மரத்துப்போகிற கொஞ்ச நேரத்துக்குள் எதையாவது உள்ளே தள்ள வேண்டும். இளநீர் எரிந்தது. மோர் எரிந்தது. குழைத்த ரசம் சாதத்தை ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு நான் சுவரில் முட்டிக்கொண்டேன். கதையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே முட்டிக்கொண்டேன்.

பேச்சும் நின்றுபோனது. சோபாவில் படுத்துக்கொண்டு, வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சமையலறையில் இருக்கும் மனைவிக்கு வாட்ஸப்பில் டைப் செய்வேன். தாளிக்கிற வாசனை வந்தால் குமட்டியது. 'தாளிக்காதே' என்று அனுப்பினேன். சோறு வேகிற வாசனையும் குமட்டியது. 'குக்கரை மூடு' என்று அனுப்பினேன். அடுப்பில் ஏறுவதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. குக்கர் ஃபிரிட்ஜின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். பார்க்கும் நர்ஸ் முதலில் சிரித்தபடி எழுதிக்கொண்டிருந்தார், பிறகு சிரிக்காமல் எழுதினார். வயிற்றில் ஒரு சிறிய துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம், அதன் வழியாகத் திரவ உணவு கொடுக்கலாம், எல்லாம் ஆறியதும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். நான் முடியாது என்று தலையாட்டினேன். ஊரில் எங்கள் பெரியப்பாவுக்கு மூக்கில் குழாய் போட்டார்கள். போட்டதற்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை. குழாய் போட்டால் ஆள் முடிந்தான் என்று அன்றே எனக்குள் ஏறிவிட்டது. அது வேறு, இது வேறு என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் பயத்துக்கு யார் எடுத்துச் சொல்வது? ஆஸ்டினில் படிக்கும் மகள் வீடியோ காலில் வந்து, "அப்பா, ஜஸ்ட் கெட் த ட்யூப். ப்ளீஸ்" என்று அழுதாள். நான் ஃபோனைத் தலையணைமேல் கவிழ்த்து வைத்தேன்.

இப்படியே எடை இறங்கினால் சிகிச்சையை நடுவில் நிறுத்த வேண்டி வரும், நிறுத்தினால் கட்டி ஜெயித்துவிடும் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை வரை தவணை. அதைக் கேட்ட என் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஃப்ரீவேயில் வலது ஓரத்து லேனிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. அவள் அம்மா அப்படி, அவள் அத்தைகள் அப்படி, இவளும் அப்படி. நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். மகள் சண்டையே போட்டிருக்கிறாள், "அம்மா, இட்ஸ் சோ வியர்ட்" என்று. அமெரிக்கா வந்து அவள் ஒரு டேகேரில் வேலைக்குப் போன பிறகும் அது மாறவில்லை. உருவம்தான் மாறியது. மத்தியானம் என் ஃபோனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வரும், 'சாப்டாச்சுங்களா?' என்று. நான் கட்டைவிரல் படத்தை அனுப்புவேன். அதன் பிறகுதான் அவள் அங்கே டிபன் பாக்ஸைத் திறப்பாள். சில நாள் மீட்டிங்கில் மறந்துபோய் சாயங்காலம் அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவள் சாயங்காலம் சாப்பிட்டிருப்பாள் என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை. புண் வந்த பிறகு அந்தச் செய்தி வருவது நின்றுபோனது. பதில் தெரிந்த கேள்வியை ஏன் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் செடி பூத்தது. வெளிர்மஞ்சளில் தட்டுத் தட்டாகப் பூ, வேலி முழுக்க. பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலாகப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். என் மனைவியைக் கூப்பிட்டுப் பூவைக் காட்டினார். பூவை மட்டும் காம்பில்லாமல் உதிர்த்துக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறவிட்டு வாய் கொப்பளிக்கச் சொன்னார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அவர் அம்மா அதைத்தான் கொடுப்பாராம். பழத்தை வேகவைத்துப் பாகு செய்வார்களாம், கடையில் பாட்டிலில் விற்பதும் அதுதானாம். இலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை.

டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள், அதில் அவள் கெட்டிக்காரி. கொப்பளிக்க மட்டும் என்றால் பரவாயில்லை என்றார்கள். அந்தப் பூத் தண்ணீர் எரியவில்லை. அது ஒன்றுதான் எரியவில்லை. புண் ஆறியதா என்றால் இல்லை. ஆனால் வாயில் வைத்த ஒரு பொருள் என்னைக் கடிக்காமல் இருந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கொப்பளித்ததில் கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கியது. வலியில் முகம் சுளிக்காமல் நான் விழுங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் நைட்டியோடு வேலிக்குப் போய்விடுவாள். வரும்போது தலையெல்லாம் மஞ்சள் பொடி. "சுக்குட்டி நம்மளக் கைவிடாதுங்க. பாத்துக்கிட்டே இருங்க" என்பாள். அவள் அப்படிச் சந்தோஷப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. வெறும் தண்ணீர் அது. தண்ணீரில் எடை ஏறுமா? ஆனால் அதை டைப் செய்ய விரல் வரவில்லை.

பிறகு திடீரென்று வெயில் ஏறியது. இரண்டே நாளில் எங்கள் பக்கத்துப் பூவெல்லாம் கருகி உதிர்ந்தது. தவணை முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அவள் உதிர்ந்த பூவைத் தரையிலிருந்து கூட்டி அள்ளியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. அப்படியே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. எனக்காக அவள் விரதம் இருக்கும் நாள். காலையில் குளித்து, நெற்றியில் திருநீறோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர். உள்ளே பச்சையாக ஏதோ இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க. நல்லா யோசிச்சுத்தான் பண்ணியிருக்கறேன்" என்றாள். "பூ ஆகுது. பழம் ஆகுது. அப்ப எலை மட்டும் ஆகாதுங்களா? முருங்கையில பூவும் திங்கறோம், காயும் திங்கறோம், எலையும் திங்கறோம். அகத்தியில பூ, எலை ரெண்டும். நம்ம ஊரு சுக்குட்டியில பழம் வத்தக்கொழம்புக்கு, எலை வாய்ப்புண்ணுக்கு. பூவுலயே இத்தன கொணம்னா எலையில எத்தன இருக்கும்? கொழுந்தாப் பாத்துக் கிள்ளி, தேங்காப்பால் ஊத்தி அரைச்சு, வேட்டித் துணியில வடிகட்டியிருக்கறேன். சூடு உங்களுக்கு ஆகாதுன்னு அடுப்புலயே வெக்கலீங்க. பச்சையா இருக்கறதுதான் சத்து."

அதில் எந்த இடத்தில் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பூவைத் தின்னலாம் என்று ஆன ஒரு செடியின் இலையை நாங்கள் சும்மா விட்டதாக எனக்கு நினைவில்லை.

டம்ளர் பக்கத்தில் வந்ததும் மூக்கில் ஏறியது ஒரு நாற்றம். எலி செத்த பொந்து மாதிரி. ருசி போயிருந்ததே தவிர மூக்கு போகவில்லை. 'நாறுது. வேண்டாம்' என்று டைப் செய்து காட்டினேன்.

"மருந்துன்னா அப்படித்தானுங்க இருக்கும். ஒரே ஒரு வாயி."

தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒரு மடக்கு. எனக்காவ. திங்கக்கெழம எடையில கொஞ்சூண்டு ஏறி நின்னாப் போதும், அந்தக் கொழாயி வேண்டாம்னு நானே டாக்டருகிட்ட சொல்லிப் போடறேன்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். அவள் டம்ளரை என் உதட்டருகே கொண்டுவந்தாள். கையால் தள்ளிவிட்டேன். கொஞ்சம் சிந்தியது. அவள் கையில் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஓடித் திரும்பி வந்தன. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

"நான் என்ன வெசத்தையா குடுக்கறேன்?" அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "எத்தன நாளைக்குங்க நான் டம்ளரத் தூக்கிட்டுப் பின்னாலயே வர்றது? ஒண்ணும் ஆகாது. பாருங்க. நானே குடிச்சுக் காட்டறேன், பாத்துக்குங்க."

அண்ணாந்து, மூச்சு விடாமல், முழு டம்ளரையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என்ன நாடகம் இது என்று டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து டி.வி. சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழட்டும் என்றும் நினைத்தேன். அந்தச் சத்தம் நிற்கவில்லை. அழுகை அப்படி இருக்காது என்று உறைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். அவள் பாத்ரூம் தரையில் சுருண்டு கிடந்தாள். பச்சையாகவும் நுரையாகவும் வாந்தி. வேறு எதுவும் அதில் இல்லை. முகம் முழுக்க வேர்வை, திருநீறு கரைந்து ஓடியிருந்தது.

"வயிறு பொரட்டுதுங்க... தல சுத்துது... கையி மரத்துப்போன மாதிரி இருக்குது..." என்றாள். அப்புறம், "நீங்க குடிக்கலியே. நல்ல வேள" என்றாள்.

நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். காற்றுதான் வந்தது. உயிரே போய்விட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. ஊரையே கூட்டும் வாய் அது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நியாயமாகக் கத்த வேண்டிய நேரத்தில் அது வெந்துபோய்க் கிடந்தது. அவசர உதவிக்குத் தொள்ளாயிரத்துப் பதினொன்றை அழுத்தினேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நாக்குப் புண் மேல்பல்லில் உரசியது. வைஃப். லீஃப் ஜூஸ். வாமிட்டிங். என்ன இலை என்று கேட்டார். பலகையில் பெரிய எழுத்தில் இருந்த பெயர் நல்லவேளையாக ஞாபகம் வந்தது. எல்டர்பெர்ரி என்று சொன்னேன். வாயில் ரத்தம் கரித்தது. ஆம்புலன்ஸ் வருகிறது, அந்தச் செடியில் ஒரு கிளையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பின்பக்கம் போய் ஒடித்தேன். கிளையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் கதவை விரியத் திறந்து நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா வேலைக்குப் போகக் காரில் ஏறப் போனவர் என்னையும் என் கையிலிருந்த கிளையையும் பார்த்தார். நான் வாயருகே கையை வைத்துக் குடிப்பதுபோல் காட்டி, உள்ளே கைகாட்டினேன். அவர் கைப்பையைப் புல்வெளியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். "இலை இல்லை, இலை இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே ஓடிவந்தார். என் மனைவியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவரும் அழுதார். தன்னால் ஆனது என்று நினைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே விஷ முறிவு மையத்தில் பேசி வைத்திருந்தார்கள். அந்தச் செடியில் பூவும் நன்றாக வெந்த பழமும்தான் ஆகும். இலை, தண்டு, வேர், பச்சைப் பழம் எதுவும் ஆகாது. உடம்புக்குள் போனால் சயனைடு உண்டாகும். அந்தச் சொல்லை நர்ஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நாடியைப் பார்த்தார். பலகையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது இதுவாகத்தான் இருந்திருக்கும். பெரும்பாலும் வாந்தியில் வெளியே வந்துவிட்டது, ட்ரிப்ஸ் ஏற்றிக் கவனிப்பில் வைப்போம் என்றார். பிறகு கணினியைப் பார்த்தபடியே, "கடைசியாக எப்போது சாப்பிட்டார்? என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

பதிலை டைப் செய்ய ஃபோனை எடுத்தேன்.

இன்றைக்கு விரதம். சரி, நேற்று? நேற்று அவள் என்ன சாப்பிட்டாள்? முந்தாநாள்? குக்கர் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. தாளிப்பு வாசனை வந்து எத்தனையோ நாளாகிவிட்டது. பாத்திரம் கழுவும் மெஷினில் என் டம்ளர்களும் கரண்டிகளும்தான் இருக்கும். ஒரு தட்டையாவது அதில் பார்த்தேனா? முழங்கை வரை ஓடிய வளையல் இப்போதுதான் கண்ணுக்குள் வந்தது. நான் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். நான் சாப்பிடவே இல்லை. கிண்டல் செய்யத் தெரிந்த எனக்கு இந்தச் சின்னக் கணக்கு தெரியவில்லை.

நர்ஸ் பதிலுக்காகக் காத்திருந்தார். "தெரியவில்லை" என்று டைப் செய்து காட்டினேன். புருஷன்தானே நீங்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மத்தியானத்துக்குள் அவள் கண்ணைத் திறந்து நிதானமாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மா காப்பி வாங்கப் போயிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் கேட்டது இதுதான்.

"கதிர் வெக்க நேரமாச்சேங்க. ஒண்ணுமே குடிக்காமயா வந்தீங்க?"

நான் ஃபோனை எடுத்து, 'நீ எப்போ சாப்ட்டே?' என்று எழுதி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் விடவில்லை. படுக்கையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்த் திரும்பவும் பிடித்தேன்.

"ரஸ்க்கு திம்பேனுங்க. அப்பப்ப டீ" என்றாள். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. "வேணும்னு பட்டினி கெடக்கலீங்க. அப்படி நெனச்சுக்காதீங்க. பெசஞ்சு வாயில வெப்பேன். நீங்க அங்க எச்சி முழுங்க முடியாம உக்காந்திருக்கறது தெரியும். எறங்க மாட்டேங்குதுங்க எனக்கு. நீங்க சாப்புடாம எனக்கு எப்படிங்க எறங்கும்?"

எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ட்ரிப்ஸ் ஏறாத கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கதிர்வீச்சுக்குப் பக்கத்து வீட்டு அம்மாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மேஜையில் முகக்கவசத்துக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தபோது அழுதேன். அசையக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

சாயங்காலம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் கராஜிலிருந்து கைரம்பத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பின்வேலிக்குப் போனேன். அடித் தண்டில் வைத்து அறுத்தேன். கால் அங்குலம்கூடப் போகவில்லை. மூச்சு வாங்கியது, ரம்பம் தண்டில் சிக்கிக்கொண்டு நின்றது. இழுக்கவும் வலுவில்லை. அந்தச் செடியின் அடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் ஒரு செடியை வெட்ட முடியவில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் குழாய் வேண்டாம் என்று வீராப்பு பேசிக்கொண்டிருந்தேன். இப்படியே போனால் நான் சாவேன், அது போகட்டும். எனக்கு முன்னால் இவள் சாவாள். எல்லாவற்றிலும் எனக்குப் பின்னால் வந்தவள் இதில் மட்டும் முந்திக்கொள்வாள்.

சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். எழுந்து வந்திருக்கிறாள்.

"அத எதுக்குங்க அறுக்கறீங்க? அது என்னங்க பண்ணுச்சு? நாந்தான் கேக்காமப் பறிச்சேன்" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்தபடி டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். குழாய் போடுங்கள், நாளைக்கே என்றாலும் சரி என்று. அதே செய்தியை மகளுக்கும் அனுப்பினேன். 'ஓ மை காட், அப்பா. தேங்க் யூ' என்று வந்தது. எதற்கு எனக்கு நன்றி சொல்கிறாள் என்று அவமானமாக இருந்தது.

அந்த வாரத்திலேயே வயிற்றில் குழாய் வைத்தார்கள். பெரியப்பாவுக்கு நடந்தது எனக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான் சொல்லலாம். முதல் நாள் வீட்டில் நானே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, குழாயின் மூடியைக் கழற்றி, பெரிய சிரிஞ்சைப் பொருத்தி, டப்பாவிலிருந்து பால் நிறத்தில் இருந்த அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. ருசி இல்லை, மணம் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ சில்லென்று இறங்கியது. இதைச் சாப்பாடு என்று ஒருவன் சொன்னால் முன்பு நான் அவனைக் கோயில் பார்க்கிங் வரை துரத்தியிருப்பேன்.

அவள் சமையலறையில்தான் இருந்தாள். நான் கேட்டுக்கொண்டதற்காகக் குக்கரைக் கீழே இறக்கி, வெளியே பின்பக்கம் மின்சார அடுப்பில் வைத்துச் சோறாக்கியிருந்தாள். சுக்குட்டிக் கீரை கிடைக்காமல் பசலைக் கீரையைக் கடைந்து வைத்திருந்தாள். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை. குழாயில் ஊற்றுவதைச் சாப்பாடு என்று அவள் எடுத்துக்கொள்வாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. டப்பா காலியானது. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினேன். மூடினேன். எதற்காகவோ வாயையும் துடைத்துக்கொண்டேன்.

ஃபோன் அசைந்தது. நாலெட்டுத் தூரத்தில் இருக்கும் அவளிடமிருந்து செய்தி.

'சாப்டாச்சுங்களா?'

கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுக்கிற சத்தம் வந்தது.